எண்பதுகளில் முதலிடம் எந்தப் படத்துக்கு?

தமிழ்ப் பட ரசிகர்கள் நாலு பேர் கூடி எண்பதுகளின் சிறந்த பத்துப் படங்களைப் பட்டியல் போட உட்கார்ந்தால், முதல் சண்டை தேதியில்தான் வரும். ஒருவர் எடுத்த எடுப்பில் ‘உதிரிப்பூக்கள்’ என்பார். அது 1979 என்று இன்னொருவர் மறிப்பார். ‘முள்ளும் மலரும்’ 1978. ‘பசி’, ‘அழியாத கோலங்கள்’ இரண்டும் 1979. மறுமுனையில் ‘அஞ்சலி’, ‘மைக்கேல் மதன காமராஜன்’ இரண்டும் 1990; ‘தளபதி’ 1991. இவ்வளவையும் கழித்த பிறகுதான் பட்டியலுக்கே இடம் பிறக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு நியாயமான காரணம் உண்டு. மகேந்திரனும் பாலு மகேந்திராவும் பாரதிராஜாவும் எழுபதுகளின் கடைசியில் கிளப்பிய அலை 1980ஆம் ஆண்டோடு நின்றுவிடவில்லை. அந்த ஒரே ஆண்டில் மகேந்திரன் ‘ஜானி’யையும் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’வையும் கொடுத்தார். இரண்டாவது படம் ஒளிப்பதிவுக்காக அசோக்குமாருக்கு தேசிய விருது வாங்கித் தந்தது. அடையாறு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்த சுஹாசினி கேமராவுக்கு முன்னால் வந்து நின்றதும் அந்தப் படத்தில்தான். காலண்டர் மாறியதற்காக அலை ஓய்ந்துவிடுமா?

அப்படியானால் எந்தக் கணக்கை வைத்து ஒரு படத்தை முதலிடத்தில் உட்கார வைப்பது? அன்றைக்கு ரசிகர்களிடம் இருந்த பெரிய அளவுகோல், படம் ஓடிய நாள். தினத்தந்தி விளம்பரத்தில் ஐம்பதாவது நாள், நூறாவது நாள், வெள்ளி விழா என்று எண்கள் ஏற ஏற ரசிகர் மன்றத்துக்காரர்களின் குரலும் ஏறும். சென்னை நகரம், செங்கல்பட்டு, ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி - தஞ்சை, மதுரை - ராமநாதபுரம், நெல்லை - குமரி என்று ஏரியா ஏரியாவாகப் படம் விற்கப்பட்ட காலம் அது. மதுரையில் நூறு நாள் ஓடிய படம் சென்னையில் ஆறு வாரத்தில் பெட்டியைக் கட்டியிருக்கும். பகல் காட்சி மட்டும் ஓட்டி நாளைக் கூட்டுவதும் நடந்தது, பெரிய தியேட்டரிலிருந்து சின்னத் தியேட்டருக்கு மாற்றி நூறைத் தொட வைப்பதும் நடந்தது. எதிர் மன்றத்துக்காரர் இதையெல்லாம் கையில் வைத்திருந்து சரியான நேரத்தில் எடுத்து வீசுவார்.

இன்னொரு அளவுகோல் ஆனந்த விகடனின் மதிப்பெண். 1977இல் வந்த ‘16 வயதினிலே’ 62½ வாங்கியதை இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்கள் உண்டு. அறுபதைத் தொடுவதே அபூர்வமாக இருந்ததால், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் அந்த வார இதழுக்குக் காத்திருந்தார்கள். தேசிய விருது மூன்றாவது. இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே படத்தின்மீது ஒருசேர வந்து விழுவதில்லை என்பதால்தான் வாதம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

நாள் கணக்கு ஒரு படத்தை எப்படி அநியாயமாகக் கீழே தள்ளும் என்பதற்கு 1980 தீபாவளியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ம் பாரதிராஜாவின் ‘நிழல்க’ளும் அந்த ஒரே பண்டிகைக்கு வந்தன. இரண்டும் வேலை கிடைக்காத படித்த இளைஞர்களின் கதை. ஒன்று டெல்லியில் நடக்கிறது, இன்னொன்று சென்னையில். பாலசந்தரின் நாயகன் ரங்கன் பாரதியை வாய் நிறைய வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறான். கடைசியில் சவரக் கத்தியைக் கையில் எடுக்கிறான். கமலும் ஸ்ரீதேவியும் இருந்த அந்தப் படம் ஜெயித்தது. புதுமுகங்களை நம்பி எடுத்த ‘நிழல்கள்’ ஓடவில்லை. ஆனால் அதன் பாட்டுகள் இன்றுவரை நிற்கவில்லை. வைரமுத்து பாட்டெழுத வந்ததும் அந்தப் படத்தில்தான். ரவி என்ற நடிகருக்குப் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் அந்தப் படம்தான்.

இங்கே பட்டியல் போடுபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எண்பதுகளின் படங்களை எடைபோடும்போது தராசின் ஒரு தட்டில் இளையராஜா எப்போதும் உட்கார்ந்திருக்கிறார். பாதிப் பேர் அந்தப் படங்களைத் தியேட்டரில் பார்த்ததைவிடக் கேசட்டில் கேட்டதே அதிகம். இலங்கை வானொலியிலும், பேருந்து டேப் ரெக்கார்டரிலும், டீக்கடை ஸ்பீக்கரிலும், வெள்ளிக்கிழமை இரவு தூர்தர்ஷனின் ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சியிலும் துண்டு துண்டாக வந்து சேர்ந்த படங்கள் அவை. பாட்டின் நினைவு படத்தின் நினைவாக மாறிவிடுகிறது. 1982இல் ஆர். சுந்தர்ராஜன் இயக்குநராக அறிமுகமான ‘பயணங்கள் முடிவதில்லை’ பல பட்டியல்களில் இடம் பிடிக்கிறது. கேட்டால் ரசிகர் கதையைச் சொல்வதில்லை, பாட்டை முணுமுணுக்கிறார். மோகன் என்ற நாயகனையே எடுத்துக்கொள்ளலாம். பல படங்களில் உடம்பு அவருடையது. பாடும் குரல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துடையது, பேசும் குரல் எஸ்.என். சுரேந்தருடையது. மூன்று பேர் சேர்ந்து உருவாக்கிய ஒரு நாயகனைத் தமிழ்நாடு தன் வீட்டுப் பிள்ளையாக நினைத்தது. அது ஒரு பெரிய சாதனைதான். ஆனாலும் பாட்டைக் கழித்தால் எது மிஞ்சுகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் படத்துக்கு இடம் தரக்கூடாது.

ரீமேக் பற்றிய சண்டை இன்னொன்று. இதை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. ‘பில்லா’ இந்தி ‘டான்’, ‘தீ’ இந்தி ‘தீவார்’, ‘படிக்காதவன்’ இந்தி ‘குத்தார்’, ‘வேலைக்காரன்’ இந்தி ‘நமக் ஹலால்’, ‘சத்யா’ இந்தி ‘அர்ஜுன்’. இவற்றையெல்லாம் தள்ளிவிட வேண்டும் என்று ஒரு கட்சி வாதிடுகிறது. அப்படிச் சொல்பவர்கள் எதிர்த்திசையில் போன வண்டிகளையும் எண்ண வேண்டும். ‘அந்த 7 நாட்கள்’ படத்திலிருந்து ‘வோ சாத் தின்’ பிறந்தது. ‘முந்தானை முடிச்சு’ ‘மாஸ்டர்ஜி’ ஆனது. ‘ஒரு கைதியின் டைரி’யை பாக்யராஜே இந்திக்குப் போய் ‘ஆக்ரி ராஸ்தா’வாக இயக்கினார். பத்தாண்டு முழுக்கக் கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது. கதை எங்கிருந்து வந்தது என்பதைவிட இங்கே வந்து என்னவாயிற்று என்று பார்ப்பதே சரி.

ஆக, நாளும் போதவில்லை, மதிப்பெண்ணும் போதவில்லை, பாட்டும் போதவில்லை என்றால் எதை வைத்து வாதிடுவது? காட்சியை வைத்துத்தான். ஒரு படத்தை உயர்த்திப் பிடிப்பவர், அதில் ஒரு காட்சியை எடுத்து, அங்கே கேமரா எங்கே நின்றது, நடிகர் என்ன செய்தார், எது சொல்லப்படாமல் விடப்பட்டது என்று சொல்ல முடிய வேண்டும். நடிகரின் பெயரை மட்டும் சொல்லி இடம் கேட்பது மன்றத்துக்குச் சரி, ரசனைக்குச் சரியாகாது.

‘மூன்றாம் பிறை’யின் கேத்தி ரயில் நிலையம் அப்படி ஒரு காட்சி. 1982இல் வந்த படம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘சகலகலா வல்லவ’னும் கமலுடையதுதான் என்பதை மறக்கக்கூடாது; அந்த ஆண்டுச் சண்டை கமல் ரசிகர்களுக்குள்ளேயே நடந்தது. நினைவு திரும்பிய ஸ்ரீதேவி ரயிலில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்ட ஆசிரியர் சீனு, அடிபட்ட காலோடு மழையில் நொண்டிக்கொண்டு வருகிறார். பேசிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்ததும், அவளைச் சிரிக்கவைக்கத் தான் முன்பு செய்த குரங்காட்டத்தை ஆடிக் காட்டுகிறார். தலையில் பானையை வைத்துக்கொள்கிறார், குட்டிக்கரணம் போடுகிறார், விழுகிறார். அவள் பார்வைக்கு அவர் யாரோ ஒரு பைத்தியக்காரர். அவளுக்கு அவர்மேல் வெறுப்புக்கூட இல்லை. ஒரு பிச்சைக்காரரைக் கடந்துபோகும்போது வரும் லேசான இரக்கம் மட்டும் இருக்கிறது. அதுதான் அந்தக் காட்சியின் கொடுமை. படத்தின் முன்பாதியில் ரசிகர்களைச் சிரிக்கவைத்த அதே சேட்டைகள், ஒன்றுகூட மாறாமல், இங்கே நெஞ்சை அடைக்கவைக்கின்றன. இதைத் தனியாக எடுத்து எழுதியிருந்தால் எந்த வசனகர்த்தாவும் கண்ணீர் வசனம் போட்டிருப்பார். பாலு மகேந்திரா போடவில்லை. அந்தப் படத்துக்காகக் கமலுக்குச் சிறந்த நடிகர் விருதும், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் விருதும் தேசிய அளவில் கிடைத்தன. விருது இல்லாவிட்டாலும் அந்தக் காட்சி நிற்கும்.

இனி 1987. எண்பதுகளின் வாதம் முழுவதும் ஒரு ஆண்டுக்குள் சுருங்கி நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஆண்டுதான். அக்டோபர் 21, தீபாவளி. மணிரத்னத்தின் ‘நாயகன்’, ஏவி.எம். தயாரித்து எஸ்.பி. முத்துராமன் இயக்கி ரஜினி நடித்த ‘மனிதன்’, விஜயகாந்தின் ‘உழவன் மகன்’ மூன்றும் வந்தன. வெடிச் சத்தத்தோடு கட் அவுட்டுகளின் போட்டியும் சேர்ந்துகொண்டது. ‘மனிதன்’ பெரும் வெற்றி. ரஜினி ரசிகர்கள் அன்று முதல் இன்றுவரை அந்தக் கணக்கை விட்டுக்கொடுப்பதில்லை; விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. விசில் அடித்துப் பார்த்த படத்துக்கு அந்த விசிலும் ஒரு சாட்சிதான்.

‘நாயகன்’ பக்கம் இருப்பவர்களிடம் கனமான சாட்சிகள் இருக்கின்றன. கமலுக்கு இரண்டாவது தேசிய விருது. பி.சி. ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவு விருது. மும்பையின் தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் கட்டி எழுப்பிய தோட்டா தரணிக்குக் கலை இயக்க விருது. இளையராஜாவின் 400ஆவது படம். 2005இல் டைம் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான நூறு படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது, சத்யஜித் ராயின் அப்பு முப்படத்துக்கும் குரு தத்தின் ‘பியாசா’வுக்கும் பக்கத்தில் ‘நாயகன்’ இருந்தது. ‘காட்ஃபாதர்’ நிழல் விழுந்த படம் என்று எதிர்க்கட்சி சொல்லும். விழுந்திருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் ‘காட்ஃபாத’ரில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. வேலு தான் கொன்ற இன்ஸ்பெக்டரின் வீட்டுக்குப் போகிறான். அங்கே மனவளர்ச்சி குன்றிய ஒரு பையனைப் பார்க்கிறான். அந்தக் குடும்பத்தைத் தாங்குகிறான். பையன் வளர்கிறான், கடைசியில் நீதிமன்ற வாசலில் வேலுவைச் சுடுவது அவன்தான். தான் செய்த கொலைக்கு ஒருவன் சோறு போட்டு வளர்த்த சாட்சியே அவனைத் தண்டிக்கிறது. திரைக்கதையின் அந்தக் கட்டுமானம் முழுக்க இங்கே செய்தது.

அந்தப் பையனாக நடித்தவர் டின்னு ஆனந்த். அதே ஆண்டு சிங்கீதம் சீனிவாச ராவின் வசனமே இல்லாத ‘பேசும் பட’த்தில் ஐஸ் கத்தியை வைத்துக்கொண்டு கொலை செய்யத் திரியும் ஆளாகவும் வந்தார். கன்னடத்தில் ‘புஷ்பக விமானா’ என்ற பெயர் கொண்ட அந்தப் படம் வெகுஜனப் படங்களுக்கான தேசிய விருதைப் பெற்றது. வேலையில்லாத நாயகன் ஒரு நட்சத்திர ஓட்டலுக்குக் குடியேறுகிறான். மெத்தை இருக்கிறது, அமைதி இருக்கிறது, தூக்கம் மட்டும் வரவில்லை. தன் பழைய அறைக்குப் பக்கத்திலிருந்த சினிமாக் கொட்டகையின் இரைச்சலைப் போய் டேப்பில் பதிந்துகொண்டு வந்து, அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டே தூங்குகிறான். வறுமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவு சொன்ன காட்சி தமிழில் குறைவு.

ஆண்டு முடியும் நேரத்தில், எம்.ஜி.ஆர். மறைந்த சில நாளில், பாரதிராஜாவின் ‘வேதம் புதிது’ வந்தது. சாதியை நேருக்கு நேர் பேசியதால் வெளிவருவதற்கு முன்பே சிக்கலைச் சந்தித்த படம். ‘தேவர்’ என்பது படித்து வாங்கிய பட்டமா என்று ஒரு சின்னப் பையன் ஆற்றோரத்தில் கேட்கும் கேள்வி, சத்யராஜ் என்ற நடிகரின் போக்கையே வேறாக்கிக் காட்டியது. அதற்கும் சமூகப் பிரச்சினைப் படங்களுக்கான பிரிவில் தேசிய விருது கிடைத்தது.

இத்தனையும் இருக்க, அந்த ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது இவற்றில் எதற்கும் போகவில்லை. பாலு மகேந்திராவின் ‘வீடு’க்குப் போனது. சிறந்த நடிகை விருதும் அதில் நடித்த அர்ச்சனாவுக்கே.

தியேட்டருக்கு 1988இல் வந்த ‘வீடு’, ரசிகர் பட்டியல்களில் பெரும்பாலும் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ ஒரு மரியாதைக்காகச் சேர்க்கப்படுகிறது. பல பட்டியல்களில் அதுவும் இல்லை. இந்த உரையின் வாதம், அதற்கு முதலிடம் தர வேண்டும் என்பது.

கதை இரண்டு வரியில் அடங்கும். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போகும் சுதா, தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு, இருக்கிற மனையில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள். அவ்வளவுதான். வில்லன் கிடையாது, பாட்டு கிடையாது. பின்னணிக்கு இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் இசை. வீட்டுப் பிளானுக்கு அனுமதி வாங்க அலைச்சல், கடனுக்கு அலைச்சல், கடன் தரும் இடத்தில் ஒரு ஆணின் கேவலமான எதிர்பார்ப்பு, மழை, சிமெண்ட் மூட்டையைத் திருடி விற்கும் கான்ட்ராக்டர், அவனைக் காட்டிக்கொடுக்கும் சித்தாள் மங்கம்மா. நடுத்தர வர்க்கத்துத் தமிழர் எவருக்கும் இதில் ஒரு வரியையாவது தன் வீட்டுக் கதையாகச் சொல்ல முடியும். தமிழ் சினிமா அதுவரை தாலியையும் நிலத்தையும் மானத்தையும் கதையாக்கியிருந்தது. ஒரு லோடு செங்கல் வந்து இறங்கும்போது ஒரு பெண்ணின் முகத்தில் வரும் நிம்மதியை அது கதையாகப் பார்த்ததில்லை.

தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய அந்த வீட்டைத் தனியாகப் பார்க்கப் போகும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. தள்ளாத கிழவர், நிதானமான நடை. சுவர்தான் இருக்கிறது, பூச்சுக்கூட இல்லை. அவர் சுவரைத் தொடுகிறார், உள்ளே நடக்கிறார், எது எந்த அறை என்று தனக்குத்தானே பார்த்துக்கொள்கிறார். கேமரா அவரை அவசரப்படுத்துவதே இல்லை. வசனம் எழுதியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். முடிந்த வீட்டைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதன் பிறகு, அந்த மனையை அரசுத் துறை ஏற்கெனவே கையகப்படுத்திவிட்டது என்ற சேதி வருகிறது. சுதா வழக்குப் போடுகிறாள். தீர்ப்பு வருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

பாலு மகேந்திரா மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். சிறுவயதில் தங்கள் வீட்டைக் கட்டிய காலத்தில் அம்மாவின் முகத்தில் சிரிப்பு தொலைந்துபோனதை அவர் சொல்லியிருக்கிறார். ‘வீடு’ அந்த அம்மாவிலிருந்து வந்த படம். மேக்கப் இல்லாத அர்ச்சனாவின் முகத்தில் அந்தத் தொலைந்த சிரிப்பை அவர் படம் முழுக்கத் தேடுகிறார்.

எதிர்வாதம் உடனே வரும்: யார் பார்த்தார்கள்? நியாயமான கேள்வி. ‘கரகாட்டக்காரன்’ 1989இல் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கவுண்டமணி - செந்தில் வாழைப்பழத்தைத் தெரியாத தமிழர் இல்லை. ‘வீடு’க்கு அந்தப் பாக்கியம் கிடையாது. பெரிய நட்சத்திரப் படங்களை வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்த்தார்கள். பிறகு தனியார் சேனல்கள் வந்து திரும்பத் திரும்பப் போட்டன. நாற்பது தடவை பார்த்த படம் பட்டியலில் மேலே ஏறுவதும், ஒரு தடவைகூடப் பார்க்கக் கிடைக்காத படம் கீழே போவதும் இயல்பு.

உலகப் பட்டியல்களிலும் இது நடந்திருக்கிறது. 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கு வாங்கும் பிரிட்டிஷ் இதழ் ‘சைட் அண்ட் சவுண்ட்’. 1958இல் வந்த ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அதில் முதல் பத்துக்குள் நுழையவே 1982 ஆயிற்று. பல ஆண்டுகள் திரையிடக் கிடைக்காமல் கிடந்த படம் எண்பதுகளில் மறுபடி வெளியானது. 2012இல் முதலிடத்துக்கு வந்தது. பிரதி கையில் இருந்ததால் ‘வெர்டிகோ’வுக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது.

‘வீடு’ படத்தின் மூல நெகட்டிவ் அழிந்துபோனதைப் பாலு மகேந்திராவே வேதனையோடு சொல்லியிருக்கிறார். இன்றைக்குப் பார்க்கக் கிடைப்பவை மங்கிய பிரதிகள். மழையில் நனைந்த செங்கல்லின் நிறத்தை ஒளிப்பதிவாளரான அந்த இயக்குநர் எப்படி வைத்திருந்தார் என்பதைப் புதிய ரசிகர் எவரும் சரியாகப் பார்க்க வழியில்லை. அப்படிக் குறைபட்ட பிரதியில் பார்த்தும் முதலிடத்துக்கு வாதாட முடிகிறது என்றால் அந்தப் படத்தின் பலத்தைப் புரிந்துகொள்ளலாம். மன்றம் வைத்துக் கட் அவுட்டுக்குப் பாலூற்றிய ஊர், பிடித்த படங்களின் நெகட்டிவைக் காப்பதற்கும் ஒரு மன்றம் வைத்திருக்கலாம். இப்போதும் வைக்கலாம்.

ஆகவே இந்த உரையின் வரிசை இது: ‘வீடு’ முதலில், ‘நாயகன்’ இரண்டாவது, ‘மூன்றாம் பிறை’ மூன்றாவது. நான்காம் இடத்துக்கு ஆகஸ்ட் 15ஆம் தேதிகளில் வந்த இரண்டு படங்கள் நிற்கின்றன. ஒன்று, 1985இல் சிவாஜி தன் நடிப்பின் சத்தத்தை எல்லாம் குறைத்துக்கொண்டு, ராதிகாவின் குரலில் பேசிய ராதாவோடு நடித்த ‘முதல் மரியாதை’. இன்னொன்று, 1986இல் ரேவதியின் மௌனத்தை பி.சி. ஸ்ரீராம் ஜன்னல் வெளிச்சத்தில் எழுதிய ‘மௌன ராகம்’. எது முன்னால், எது பின்னால் என்பதை அவையோர் சொல்லலாம். காட்சியைச் சொல்லி வாதிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.